முடிச்சு சரியில்லை

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பார்சல்காரர் முடிவெடுத்துவிட்டார். இன்றோடு சரி. இனி ஒரு முடிச்சுகூடப் போடுவதில்லை.

முடிவை உரக்கச் சொல்ல முடியவில்லை. வாயில் பிரஷ் இருந்தது. மரக் கைப்பிடி போட்ட பிரஷ். பிளாஸ்டிக் பிரஷ் அந்த வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது. அதன் பின்னாலேயே வாளி, சீப்பு, சோப்பு டப்பா, அவர் ஆசையாக உட்கார்ந்திருந்த நாற்காலி எல்லாம் வரிசையாக வெளியேறின. தன் வாயில் கட்டியிருக்கும் பொய்ப் பல்லையும் மனைவி ஒரு மாதிரியாகப் பார்ப்பதாக அவருக்குச் சந்தேகம். அதனால் வீட்டில் அதிகம் சிரிப்பதில்லை. சிரிக்கும்படி ஒன்றும் நடக்கவும் இல்லை.

மனைவிக்குத் துணி வியாபாரம். வீட்டிலேயே. சட்டை, பாவாடை, குழந்தைகளுக்குக் கவுன். மருந்தடிக்காத பருத்தி. பொத்தான் மரத்தில். சாயம் வெங்காயத் தோலிலும் மாதுளை ஓட்டிலும். அந்த வீட்டில் வெங்காயம் வாங்குவதே தோலுக்காகத்தான். உள்ளே இருப்பது வீணாகக் கூடாதே என்று குழம்பில் போட்டார்கள். குளியலறைச் சுவர் மஞ்சள். பார்சல்காரரின் வெள்ளை பனியன் மூன்றும் மூன்று நிறம். போகட்டும், அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது பார்சல்.

மற்ற கடைகளில் துணியை ஒரு கவரில் போட்டு, டேப்பை ஒட்டி, அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இங்கே கவர் கிடையாது. டேப் கிடையாது. பசை, பின், எதுவும் கிடையாது. வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை ஒட்டுப்போட்டு, தையல்காரம்மா கைக்குட்டைக்கு அண்ணன் மாதிரி சதுரம் சதுரமாகத் தைத்து வைப்பாள். அந்தச் சதுரத்தின் நடுவில் சட்டையை வைத்து, நாலு மூலையையும் இழுத்து, முடிச்சுப் போட வேண்டும். அவ்வளவுதான் பார்சல். வாங்கினவர்கள் சட்டையை எடுத்துக்கொண்டு சதுரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதே சதுரத்தில் அடுத்தவருக்கு அடுத்த சட்டை. சில சதுரங்கள் பார்சல்காரரைவிட அதிகம் ஊர் சுற்றியிருந்தன.

ஆக, அந்த வியாபாரமே முடிச்சில்தான் நின்றது. முடிச்சுப் போட அவரை விட்டால் ஆள் இல்லை.

முப்பது வருஷம் லாரி பார்சல் ஆபீஸில் மூட்டை கட்டினவர். அவர் கட்டின மூட்டை லாரியிலிருந்து விழும். லாரியே கவிழும். முடிச்சு அவிழாது. நுனி வெளியே தெரியாமல் உள்ளே மடித்துச் செருகுவது அவர் கைவேலை. பார்த்தால் முடிச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. ஒரு காது மட்டும் லேசாக எட்டிப் பார்க்கும். அதைச் சரியான பக்கம் இழுத்தால் மொத்தமும் மலர்ந்துவிடும். தப்பான பக்கம் இழுத்தால் இன்னும் இறுகும். அதனால் எந்தக் காதை எந்தப் பக்கம் இழுப்பது என்று படம் போட்ட சீட்டு ஒன்றை ஒவ்வொரு பார்சலிலும் செருகுவார்கள். சீட்டு இல்லாவிட்டால் அவிழ்க்க அவரே வர வேண்டும். வாழ்க்கையில் அவர் போட்டு, அவருக்கே அவிழ்க்கத் தெரியாத முடிச்சு ஒன்றுதான். அது இப்போது முதலாளி ஆகிவிட்டது.

முதலாளி என்று அவர் சொல்வது மனைவியைத்தான். முதுகுக்குப் பின்னால்.

ஆறு மணிக்குக் கூரியர்காரர் வந்து எடுத்துப் போவார். அதனால் கட்டுகிற வேலை இரண்டிலிருந்து ஐந்து வரை. கோளாறே அதில்தான். இரண்டிலிருந்து ஐந்து வரை பார்சல்காரருக்குச் செஸ். இரண்டு தெரு தள்ளி, கடிகார ரிப்பேர் கடையில். ஓய்வு பெற்ற பிறகு மத்தியானம் முழுக்கச் செஸ் ஆட வேண்டும் என்று பார்சல் ஆபீஸில் மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து கனவு கண்டவர் அவர். ஓய்வு வந்தது. செஸ்ஸும் வந்தது. கூடவே மனைவிக்கு இந்த யோசனையும் வந்தது. ஆறு மாதமாகக் குதிரையைத் தொடவில்லை.

கேட்டுப் பார்க்காமல் இல்லை.

"இன்னிக்கு ரெண்டு மணிக்குக் கொஞ்சம் வெளிய போகலாம்னு பாக்கறேன்."

"எதுக்கு?"

"சும்மா. காத்தாட."

"ஃபேனைப் போட்டுக்குங்க."

"செஸ் ஆடி ஆறு மாசம் ஆச்சு."

"ஆறு மாசமா தோக்காம இருக்கீங்கன்னு சொல்லுங்க."



வேண்டுமென்றே மோசமாகக் கட்டியும் பார்த்தார். தொளதொளவென்று ஒரு முடிச்சு. அவ்வளவுதான் செய்ய வேண்டியது. ஒரு குழந்தை செய்துவிடும். அவரால் முடியவில்லை. மனசு தொளதொள என்றது, விரல் கேட்கவில்லை. நுனியை இழுத்தது, மடித்தது, உள்ளே செருகியது. கண்ணை மூடிக்கொண்டு கட்டினார். இன்னும் அழகாக வந்தது. முதலாளி அதை எடுத்துத் தையல்காரம்மாவிடம் காட்டி, "பார்த்தியா, மாமாவுக்கு இன்னிக்கு மூடு நல்லா இருக்கு" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு முதலாளியின் சட்டம் ஞாபகம் வந்தது. ஒரு புகார். ஒரே ஒரு புகார் வந்தால் போதும், அந்த வேலையைச் செய்தவர் மாற்றப்படுவார். முன்னால் இருந்த தையல்காரர் ஒரு சட்டையில் கைக்குழியைச் சின்னதாக வெட்டினார். வாங்கினவர் கையைத் தூக்க முடியவில்லை என்றார். தையல்காரர் போனார். பொத்தான் செய்கிறவர் போனார். முதலாளியின் சொந்தத் தம்பி துணி கொடுத்தான். துவைத்ததும் சுருங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னார். தம்பி போனான். இன்றுவரை அக்காவிடம் பேசுவதில்லை.

தம்பிக்கே அந்த நியாயம் என்றால் புருஷனுக்கு மட்டும் வேறா? பார்சல்காரர் வாயைக் கொப்பளித்தார். நாலு நாள் தாடியை ஒரே இழுப்பில் சிரைத்தார். தேவை ஒரு புகார். அவ்வளவே.

சணல் கயிறு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே கடிகாரக் கடைக்குப் போனார்.

கடிகாரக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றும் இல்லாத மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பேருக்கு ஒரு கடிகாரம் வந்து பல நாளாகியிருந்தது. இப்போதெல்லாம் யாரும் மணி பார்க்கக் கடிகாரம் கட்டுவதில்லை. ஒரு மூலையில் செஸ் பலகை, நின்ற ஆட்டத்தோடு அப்படியே இருந்தது. தூசி தட்டும்போது காயை நகர்த்தாமல் தட்டுவதாகக் கடிகாரக்காரர் சொன்னார். நகர்த்தினால் தனக்குத்தான் நஷ்டம், ஜெயிக்கிற ஆட்டம் என்றும் சொன்னார்.

பார்சல்காரர் விஷயத்தைச் சொன்னார். நீ ஒரு சட்டை வாங்க வேண்டும். பணம் நான் தருகிறேன். பார்சல் வந்ததும் அதைக் கொண்டுபோய், முடிச்சு சரியில்லை, வழியிலேயே அவிழ்ந்து சட்டை அழுக்காகிவிட்டது என்று புகார் சொல்ல வேண்டும்.

"நானா? உன் வீட்டம்மாகிட்டயா?"

"ஏன், பயமா?"

"பயம் இல்லய்யா. அவங்க நிமிர்ந்து பார்த்தாங்கன்னா என் கடையில ஓடற கடிகாரம்கூட நின்னுடும்."

"உன் கடையில ஏதுய்யா ஓடற கடிகாரம்?"

கடிகாரக்காரர் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை என்றார். நாளைக்கு வாங்கிக்கங்க, ரெடியா இருக்கும் என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருவது என்ன என்று பார்சல்காரர் கேட்டார். அது தொழில் என்றார் அவர். கடைசியில் சட்டையைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்றதும் மனசாட்சி இறங்கி வந்தது. எந்த நிறம் என்று கேட்டார். வெங்காயம் என்றார் பார்சல்காரர்.

ஆர்டர் வந்தது. அதைக் கட்டினதும் அவரேதான். மறுநாளே பார்சல் கடிகாரக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. நூல் தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று தையல்காரம்மாவிடமிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டு பார்சல்காரர் பின்னாலேயே ஓடினார்.

பார்சலை அவரே அவிழ்த்தார். சட்டையின் கைப்பக்கம் கடிகாரத்துக்கு விடுகிற எண்ணெயில் ஒரு சொட்டு. அதன் மேல் நடைபாதை மண் ஒரு சிட்டிகை. பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு நண்பருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். என்ன சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும். முடிச்சு தானாகவே அவிழ்ந்துவிட்டது. அதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடிகாரக்காரர் நாலு தடவை சொல்லிப் பார்த்தார். நாலாவது தடவை அவருக்கே கண் கலங்கியது.

பாடம் நடத்திக்கொண்டே பார்சல்காரர் சட்டையை மடித்துச் சதுரத்தில் வைத்து, எடுத்துப் போக வசதியாகக் கட்டிக் கொடுத்தார். சரியாகச் சொன்னால் அவர் கட்டவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார். விரல் கட்டியது. நுனியை இழுத்தது, மடித்தது, உள்ளே செருகியது. அதை அவரும் பார்க்கவில்லை, நண்பரும் பார்க்கவில்லை. படம் போட்ட சீட்டு மேஜையில் கிடந்தது.

மறுநாள் மூன்று மணிக்குக் கடிகாரக்காரர் வந்தார். பார்சல்காரர் தரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். யாரோ வந்திருக்கிறார்களே என்று தலையைத் தூக்கிப் பார்ப்பது போலத் தூக்கினார். தையல்காரம்மா மிஷினை நிறுத்தினாள். முதலாளி, வாங்கண்ணே, உட்காருங்க, சட்டை அளவு சரியா இருக்கா என்று விசாரித்தாள்.

கடிகாரக்காரர் உட்காரவில்லை. பெருமூச்சு விட்டார். விட வேண்டிய இடம் அது இல்லை.

"ஒரு புகார்ம்மா."

"சொல்லுங்கண்ணே."

"முடிச்சு சரியில்ல."

 பார்சல்காரர் முகத்தில் அதிர்ச்சியை வரவழைத்தார். நேற்றே கண்ணாடி முன் பழகி வைத்திருந்தார்.

கடிகாரக்காரர் பாடத்தை ஒப்பித்தார். பார்சல் வந்து சேரும்போது பாதி வழியிலேயே அவிழ்ந்து கிடந்தது. முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது. தானாக. யாரும் தொடவில்லை. சட்டை கையெல்லாம் அழுக்கு. எத்தனை ஆசையாக வாங்கினேன். இங்கே குரல் தழுதழுத்தது. பார்சல்காரருக்கே ஆச்சரியம்.

முதலாளி முகம் வாடிவிட்டது. ஐயோ என்றாள். சட்டையைக் காட்டுங்கள், பார்க்கிறேன் என்றாள்.

"இதோ" என்று கடிகாரக்காரர் பையிலிருந்து பார்சலை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

மேஜை மேல் உட்கார்ந்திருந்தது முடிச்சு. நுனி தெரியவில்லை. கல் மாதிரி இருந்தது. ஒரு காது மட்டும் லேசாக எட்டிப் பார்த்தது.

பார்சல்காரர் கையில் இருந்த சதுரத்தை அவசரமாக மடிக்கத் தொடங்கினார்.

கடிகாரக்காரர் காதைப் பிடித்து இழுத்தார். தப்பான பக்கம். முடிச்சு இறுகியது. மறுபடி இழுத்தார். இன்னும் இறுகியது. நகத்தால் நெம்பினார். முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு இழுத்தார். நெற்றியில் வேர்த்தது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். கடைசியில் குனிந்து பல்லால் கடித்தார். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"தானா அவிழ்ந்துடுச்சுன்னு சொன்னீங்களேண்ணே."

"ஆமாம்மா." வாயில் துணி.

"இப்போ?"

"இப்போ... அது கோவமா இருக்கு போலருக்கு."

தையல்காரம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. மிஷின் மேல் கவிழ்ந்துகொண்டு இருமினாள். தோள் குலுங்கியது.

கத்தரிக்கோல் கேட்டார் கடிகாரக்காரர். சதுரத்தில் கத்தரி படக் கூடாது, அது கம்பெனி சட்டம் என்றாள் முதலாளி. பிறகு திரும்பி, ரொம்ப சாதாரணமாக, "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்" என்றாள்.

பார்சல்காரர் எழுந்து வந்தார். முடிச்சைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஒரு விரலால் காதை ஒரு சுண்டு சுண்டினார். மொத்தமும் மலர்ந்தது.

முதலாளி புருஷனைப் பார்த்தாள். புருஷன் நண்பரைப் பார்த்தார். நண்பர் சுவரில் கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

பார்சல்காரர் பிரளயத்துக்குத் தயாரானார். பிரளயம் வரவில்லை. முதலாளி சட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் கறையைப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"புகார் நியாயம்தான்."

"நியாயமா?" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"பார்சல் கட்டறவர் மனசு வேற எங்கயோ இருக்கு. அதான் முடிச்சு இப்படி." அவள் குரலில் ஒரு மடிப்பு இல்லை. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். என் தம்பியையே அனுப்பினேன். என்னங்க, நாளையிலேர்ந்து நீங்க கட்ட வேண்டாம்."

பார்சல்காரருக்கு முதலில் காது கேட்டது. பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் எழும்பின குதூகலத்தை அடக்கப் பட்ட பாடு பெரிய பாடு. சோகமாகத் தலை குனிந்தார். எல்லாம் என் விதி என்கிற மாதிரி இரண்டு அடி நடந்தார். கதவோரமாகப் போய் நண்பருக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தார். நாளை இரண்டு மணி. குதிரை. யானை. ராணி.

முதலாளி பேச்சை முடிக்கவில்லை.

"ஆனா அந்த இடம் காலியா இருக்கக் கூடாதே. அண்ணே, முடிச்சுல இவ்வளவு நுணுக்கம் பார்க்கிற ஆள் நான் வேற எங்க தேடுவேன்? நீங்களே வந்துடுங்களேன். ரெண்டுலேர்ந்து அஞ்சு. சம்பளம் உண்டு. நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும்."

"அவன் கடை என்னாவறது?" பார்சல்காரர் கேட்டுவிட்டார். துக்கத்தில் இருக்க வேண்டியவர்.

"மத்தியானம் அங்க ஈகூட வராதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

கடிகாரக்காரர் நண்பரைப் பார்த்தார். கதவு வழியே தன் கடை இருக்கும் திசையைப் பார்த்தார். தையல்காரம்மா அப்போதுதான் கொண்டுவந்து வைத்த டீயைப் பார்த்தார்.

"என்ன பிஸ்கட்?" என்று கேட்டார்.

மறுநாள் இரண்டு மணி. பார்சல்காரர் தலை வாரி, செருப்பு மாட்டி, விடுதலை பெற்ற மனிதனாகத் தெருவில் இறங்கினார். பாதி தெருவில் எதிரே கடிகாரக்காரர் வந்தார். வெங்காயச் சட்டை போட்டிருந்தார். கறை கையில் அப்படியே இருந்தது. நண்பர் முகத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடம்.

"என்னய்யா பண்றது. ரிப்பேருக்கு வந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? வயித்தைப் பார்க்கணும்ல."

"துரோகி."

"சாவி வெச்சுக்க. கடையில உக்காந்து நீயே ஆடு."

பார்சல்காரர் கடையைத் திறந்து பலகை முன் உட்கார்ந்தார். வெள்ளைக்கும் தானே ஆடினார், கறுப்புக்கும் தானே ஆடினார். வெள்ளை ஏமாற்றுகிறது என்று கறுப்புக்குத் தோன்றியது. ஆட்டம் சண்டையில் முடிந்தது. தூங்கிப் பார்த்தார். ஆறு மாதம் தூங்காத மத்தியானம் தூக்கத்தை மறந்திருந்தது. நாலு மணிக்கெல்லாம் கடையைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் கட்டின ஆறு மாதத்தில் அந்த அறையில் யாரும் சிரித்ததில்லை. உள்ளே நண்பர் நாற்காலியில் சாய்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாடிக்கையாளர் நின்றுபோன கடிகாரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அது இறந்துபோன மாமனாருடையது, எப்படியாவது ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்சல்காரர் அந்தக் கதையை அறுபது தடவை கேட்டவர். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பார்சல்காரரின் பார்வை மூலைக்குப் போனது. கட்டி வைத்த பார்சல்கள் அங்கே குவிந்திருந்தன.  பார்சலா அது? ஒன்று தூக்கத்திலிருந்து எழுந்த தலை மாதிரி இருந்தது. ஒன்றில் நாலு நுனியும் நாலு திசையைப் பார்த்தன. ஒன்று ஏற்கெனவே அவிழ்ந்து, சட்டைக் காலர் வெளியே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடிகாரத்துக்குள் பொடி ஆணி மாட்டுகிற கை, துணியைப் பிடித்தால் இப்படி ஆகிவிடுமா?

"எப்படி இருக்குய்யா?" என்று நண்பர் வெகுளியாகக் கேட்டார்.

பார்சல்காரர் குவியலைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனக்கென்ன என்று மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். இந்தப் பார்சல்கள் ஊரெல்லாம் போகும். அவர் வீட்டிலிருந்து போகும். பார்சல் ஆபீஸில் கூட வேலை பார்த்தவன் எவனாவது ஒருவன் ஒரு சட்டை வாங்கியிருந்தால்? இது யார் கட்டினது என்று கேட்டால்? முப்பது வருஷம். லாரி கவிழ்ந்தும் அவிழாத முப்பது வருஷம்.

ஐந்து மணிக்குக் கடிகாரக்காரர் கிளம்பினார். முதலாளியும் தையல்காரம்மாவும் சாயம் தோய்த்துக் காயப்போட்ட துணியெடுக்க மொட்டைமாடிக்குப் போனார்கள். அறையில் ஆள் இல்லை.

ஒன்றே ஒன்று. அந்தக் காலர் எட்டிப் பார்க்கிறதே, அதை மட்டும். அவர் உட்கார்ந்தார். அவிழ்த்தார், கட்டினார். பக்கத்தில் இருந்தது இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. அதையும். ஆறு மணிக்குக் கூரியர்காரர் வருவதற்குள் மூலையில் இருந்தது முழுவதும் மறுபடி கட்டப்பட்டிருந்தது. அவர் மட்டும் ஒன்றும் தெரியாதவராக வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். நல்லவேளை, முன்பெல்லாம் பத்து நிமிஷத்தில் துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள், இப்போது ஒரு மணி நேரம் இறங்குவதில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது. அவருக்கும் கை சூடு பிடித்துவிட்டது. நண்பர் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினதை முக்கால் மணியில் அவிழ்த்துக் கட்டினார். பார்சல் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. அவர் கவலைப்படவில்லை. அவிழ்க்கும்போதெல்லாம் நண்பரை மனசுக்குள் திட்டினார். திட்டத் திட்ட வேகம் கூடியது.

இப்படியே ஓடியிருக்கும். கெடுத்தது ஒரு போன்.

யாரோ ஒரு வாடிக்கையாளர், பெரிய கடை வைத்திருக்கிறவர். பார்சல் வந்ததாம். முடிச்சைப் பார்த்துவிட்டு அவிழ்க்கவே மனசு வரவில்லையாம். இரண்டு நாள் அப்படியே அலமாரியில் வைத்திருந்தாராம். இனிமேல் மாதா மாதம் வாங்குவாராம். முதலாளி இதை நாலு மணி டீ நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். வந்த புதிதில் என்னவோ என்று நினைத்தேன், அண்ணன் கை தேறிவிட்டது என்றாள். தங்கக் கை என்று தையல்காரம்மா ஒத்துப் பாடினாள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பார்சல்காரர் நண்பரையே பார்த்தார். ஒரு வார்த்தை. நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

கடிகாரக்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் பார்த்தார். பிறகு அடக்கமாகத் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

"எல்லாம் பழக்கம்தாம்மா" என்றார்.

அது போதும். அன்று ஐந்து மணிக்கு, நண்பர் போன பிறகு, மாடிக்குக் கிளம்பின மனைவியைப் பார்சல்காரர் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்."

"சொல்லுங்க."

"பழசை மறந்துடறதுன்னு."

"எந்தப் பழசை?"

"நீ என்னை வேலைய விட்டு எடுத்ததை. மனசுல வெச்சுக்கல. திரும்ப வரத் தயார்."

"இடம் காலி இல்லையேங்க."

"அவனை நிறுத்து. அவன் என்ன முடிச்சா போடறான்? குரங்கு கையில குடுத்தா இதைவிட நல்லாக் கட்டும்."  இனி மறைத்துப் பிரயோசனமில்லை. "இதெல்லாம் யார் கட்டினது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

பார்சல்காரர் வாயைத் திறந்தார். மூடினார். பொய்ப் பல் கிட்டித்தது.

"எப்போலேர்ந்து?"

"மொதல் நாள்லேர்ந்து. நானும் தையல்காரம்மாவும் தினம் ஒரு மணி நேரம் மாடியில கொசுக்கடியில எதுக்கு நிக்கறோம்னு நினைச்சீங்க?"

"அப்போ..." அவர் மூலையைக் காட்டினார். அன்றைய குவியல் நாலு திசையும் பார்த்துக்கொண்டு கிடந்தது. "அப்போ அவன் எதுக்கு? சம்பளம் குடுத்து, டீ குடுத்து, பிஸ்கட் குடுத்து?"

முதலாளி துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோபமே இல்லை. புரியாத குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"உங்களை ரெண்டு மணிக்கு உக்கார வெச்சா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு அஞ்சு மணி வரைக்கும் இருபது கட்டுவீங்க. அண்ணன் கட்டினதைப் பார்த்துட்டா முக்கால் மணியில நாப்பது கட்டறீங்க. அவர் கட்டலேன்னா நீங்க எதைப் பார்த்துக் கோவப்படுவீங்க?"

 பார்சல்காரரின் விரல்கள் தாமாகவே பக்கத்தில் இருந்த பார்சலின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

"மணி அஞ்சாச்சு" என்றாள் முதலாளி. "நாங்க மாடிக்குப் போறோம்."